இருபது நிமிஷ இருட்டு

தெருவிளக்குகளுக்கு நேரம் வைப்பதுதான் அவர் வேலை, முப்பது வருஷமாக. ஊரே அவரை விளக்குக்காரர் என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் தயாராக வைத்திருந்தார். "பூமி நிமிர்ந்து நிக்கலய்யா. சாய்ஞ்ச வாக்கிலயே சூரியனைச் சுத்துது. நம்ம பக்கம் சூரியனைப் பார்த்துச் சாய்ஞ்சிருந்தா வெயில் காலம், பகல் நீளம். சுத்தி அந்தப் பக்கம் போயிட்டா நாம விலகிச் சாய்ஞ்சிருப்போம், குளிர்காலம். அதுக்குத் தக்கபடி நான் விளக்குப் பெட்டிக் கடிகாரத்துல முள்ளைத் திருகணும்."

நடுக்குளிரில் பத்து நாள் சும்மா விட்டாலும் குடி முழுகாது; அஸ்தமனம் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். வெயில் காலம் முடிந்து பகலும் இரவும் சமமாகிற நாட்களில்தான் வினை. தினமும் இரண்டு நிமிஷம் இருட்டு முந்திக்கொள்ளும்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் அவருக்கு முழங்கால் வீங்கியது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று பத்து நாள் ஓட்டினார். அலுவலக ஏட்டில் மட்டும் நேரம் மாற்றியதாக எழுதிவிட்டார். யார் பார்க்கப் போகிறார்கள்? பத்தாம் நாள், இருட்டியும் விளக்கெரியாத தெருமுனையில், தையல்கார அம்மாளை ஒரு கார் அடித்துப் போட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாளே நொண்டிக்கொண்டு போய் முள்ளைத் திருகினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது.

"விளக்கே எரியல," என்று அந்த அம்மாள் சொன்னாள். விசாரணையில் ஏட்டைப் புரட்டினார்கள், தினமும் நேரம் மாற்றியதாக இருந்தது. அப்படியானால் விளக்கு எரிந்திருக்கும், இவள் கண்ணில்தான் கோளாறு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தையல் மிஷினை விற்க அந்த அம்மாளின் மகன் பேசி முடித்துவிட்டான் என்று தன் மனைவி வந்து சொன்ன அன்று, விளக்குக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சில மாதச் சம்பளத்துக்காக ஒருத்தி தன் கண் மேல் நம்பிக்கையை இழப்பதா, அட பாவமே!

அலுவலகத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை அன்றே போயிற்று. அங்கிருந்து நேரே தையல்கார அம்மாள் வீட்டுக்குப் போனார்.

கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகன் மிஷினுக்குச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு விளக்கு எரியலம்மா. நான் நேரம் மாத்தல. ஏட்டுல பொய் எழுதினேன்."

மகனின் கை அப்படியே நின்றது.

"என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நானே நம்பிட்டேன், அண்ணா," என்றாள் அவள். "ரெண்டு மாசமா ஊசியைத் தொடவே பயம்."

அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"கால் உங்களால போச்சு. அதை நான் மன்னிக்கப் போறதில்ல. கண்ணைத் திருப்பிக் கொடுத்தீங்களே, அதுக்காக உட்காருங்க."

மகன் சாக்கை அவிழ்க்கத் தொடங்கினான்.