சின்னதாகப் பிறக்கட்டும்

தாட்சாயணியைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். நகரியில் அவள் குடியிருந்த நெசவாளர் தெருவில் அப்படிச் சொன்னவர்களும் உண்டு. பெற்ற பெண்ணை அவள் எப்படிக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள் என்று பார்த்தவர்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள். இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றித்தான், இரண்டும் பொய் இல்லை.

அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அலர்மேல்மங்கை, இளையவள் சுலோசனா. யுத்த காலத்தில் நூலும் கிடைக்கவில்லை, அரிசியும் கிடைக்கவில்லை. தறி ஓடாத நாட்களில் இரண்டு பிள்ளைகளும் கூழுத் தண்ணியைக் குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்து வளர்ந்தார்கள். அதனால் மூத்தவளைப் புத்தூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள இடத்தில் கட்டிக் கொடுத்தபோது, "இனிமே என் பொண்ணு வவுறாரத் துன்னுவா" என்று தாட்சாயணி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் நெய்யும் பலகாரமும் தூக்கிக்கொண்டு மாதம் தவறாமல் போனாள்.

அலர்மேல்மங்கைக்கு வலி எடுத்தது, பிள்ளை இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. தாயும் பிள்ளையும் ஒன்றாகவே போய்விட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டே மருத்துவச்சி ஒரு வார்த்தை சொன்னாள்.

"கொழந்த பெருசா வளந்துடுச்சு. புள்ளத்தாச்சிக்கு இப்பிடியா போட்டு வளப்பாங்க?"

சொன்னவள் மறந்திருப்பாள். தாட்சாயணிக்கு அது கத்திபோல் இறங்கி உள்ளேயே தங்கிவிட்டது. பலகாரம் சுட்ட தன் கையையே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

சுலோசனாவின் புருஷன் உமாபதி ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை பார்த்தான். சுலோசனா உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்ததும், தாட்சாயணி வளைகாப்பு வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. அடுத்த ரயிலிலேயே போய், மசக்கை தீரும் வரை என்று சாக்குச் சொல்லிப் பெண்ணைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அடுப்படி அவள் கைக்குள். பகலில் ஒரு கை கேழ்வரகுக் களி, பொழுது சாய்ந்தால் மோர்த் தண்ணி. பால் கிடையாது, முட்டை கிடையாது, பருப்பு கிடையாது. முருங்கைக்கீரை சூடு, அதுவும் கிடையாது. பெண்ணுக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்று அவளும் அதே ஒரு கை களியோடு எழுந்துவிடுவாள். இதைக் கொடுமை என்று எப்படிச் சொல்ல? சொல்லாமலும் எப்படி இருக்க?

"யம்மா, பசி தாங்கலமா."

"பொறுத்துக்கோ கண்ணு. நீ துன்னா அது துன்னும். அது வளந்துடும். உங்கக்காவ நெனச்சிக்கோ."

அக்காவை நினைத்துக்கொண்டால் சுலோசனா வாயை மூடிக்கொள்வாள். அக்காவின் பிரசவத்தின்போது காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி கொல்லையில் பெரிய பானையில் இருக்கும். விடிந்ததும் தெருவில் நூலை நீட்டிக் கட்டி, அந்தக் கஞ்சியைத் தடவி விறைப்பேற்றுவார்கள். ஒரு மத்தியானம் தாட்சாயணி கொல்லைப் பக்கம் போனாள். பானைக்கு முன்னால் குந்திக்கொண்டு, நூலுக்கு வைத்த புளித்த கஞ்சியைச் சுலோசனா இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். தாட்சாயணி அடிக்கவில்லை. முந்தானையால் பெண்ணின் வாயைத் துடைத்துவிட்டாள். இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். அடுத்த நாள் கஞ்சியில் வேப்பெண்ணெய் கலந்திருந்தது.

"பாவெல்லாம் நாத்தம் அடிக்குதே, எவ வேல இது?" என்று தறிக்குழியிலிருந்து கத்தினான் அவள் புருஷன் தணிகாசலம்.

"எறும்பு ஏறுதுன்னு ஊத்தனேன்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவனுக்கு எல்லைக் கவலை. ஆந்திரா தனி ராஜ்யமானதிலிருந்தே நகரியில் ஆண்பிள்ளைகளுக்கு வேறு பேச்சு இல்லை. எந்த ஊர் யாருக்கு, எந்த வீட்டில் என்ன பாஷை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திருத்தணிக்கும் புத்தூருக்கும் அலைந்தார்கள். பக்கத்து ஊரில் எத்தனை தமிழ் வீடு என்று கேட்டால் தணிகாசலம் பட்டென்று சொல்லுவான். சொந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியின் தட்டில் என்ன விழுகிறது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பான். அது பொம்பளைங்க சமாசாரம் அல்லவா!

பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா வீடு வீடாக வந்தாள். குண்டூர்ப் பக்கத்துக்காரி, தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேச வரும். சுலோசனாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ரத்தமே லேதம்மா இந்தப் பொண்ணுக்கு! என்ன குடுக்கற சாப்பிட?"

தாட்சாயணி மூத்தவள் கதையைச் சொன்னாள். நர்ஸம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"உன் பெரிய பொண்ணு தின்னதால சாகலேதும்மா. இடுப்பெலும்பு குறுகல். சின்ன வயசுல சோறு இல்லாம வளந்தா எலும்பு அப்படியே நின்னுபோகும். அதுக்கு இவள எதுக்குக் காயப் போடற? பாலு, முட்டை, கீரை குடு. இந்த மாத்திரையும் குடு, ரத்தம் ஊறும்."

தாட்சாயணி தலையாட்டினாள். பட்டினி போட்டு வளர்த்தாய், அதனால்தான் செத்தாள் என்று யாராவது சொன்னால் எந்தத் தாய்க்குக் காது கேட்கும்? ரத்தம் ஊறினால் பிள்ளையும் ஊறும் என்பது அவள் கணக்கு. நர்ஸம்மா தெரு திரும்பியதும் மாத்திரை சாக்கடையில் விழுந்தது.

சுலோசனாவுக்குக் கால் வீங்கியது. வீங்கினால் ஆண்பிள்ளை என்று தெருப் பெண்கள் சிரித்தார்கள். நாலு தார்க்குச்சியில் நூல் சுற்றுவதற்குள் மூச்சு இரைத்து, ராட்டையின் மேலேயே சாய்ந்துவிடுவாள். நகமெல்லாம் வெளுத்து, இரவில் தாட்சாயணி சேர்த்துப் பிடித்த கையில் சூடே இருக்காது.

உமாபதி பார்க்க வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா அத்தே இது, இப்பிடி வத்திப் போயிருக்கறா? நான் கூட்டிக்கினு போறேன். அங்க ரயில்வே டாக்டர் இருக்கறாரு."

"அனுப்ப மாட்டேன் மாப்ளே. ஒருத்தியப் பறிகொடுத்தவ நானு."

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அன்றைக்கு அவள் கிளம்பியிருக்கலாம், ரயிலுக்கு நேரம் இருந்தது. ஆனால் பயம் என்பது தாய்ப்பாலைவிட வேகமாகப் பிள்ளைக்குள் இறங்கிவிடும் போலிருக்கிறது.

"நீ போய்யா. நான் அம்மாகிட்டயே இருக்கறேன். அக்கா மாதிரி ஆவறதுக்கு எனக்கு பயமா கீது" என்றாள் சுலோசனா.

திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அந்தப் பங்குனியில் சுலோசனாவுக்கு வலி கண்டது. நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கல்யாணம்போல் அந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்கத் தணிகாசலம் போயிருந்தான். மருத்துவச்சி வந்து உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் பிள்ளை நழுவி வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல ஒரு பெண் குழந்தை. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

தாட்சாயணி தெருவுக்கு ஓடினாள். "சொகமாப் பொறந்துடுச்சு! சின்னதா, சொகமாப் பொறந்துடுச்சு!" என்று வீட்டுக்கு வீடு கத்தினாள். வருஷக்கணக்காக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது அந்த நிமிஷம் வெளியே வந்து விழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு. சிரித்தாள். எதிர்வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது மருத்துவச்சி துணி கேட்டுக்கொண்டிருந்தாள். போட்ட துணி நனைந்து, அடுத்த துணியும் நனைந்தது. யாரோ ஓடிப்போய் நர்ஸம்மாவை அழைத்து வந்தார்கள். அவள் வயிற்றை அழுத்திப் பிசைந்தாள், ஊசி போட்டாள், கால்மாட்டில் செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தச் சொன்னாள். ரத்தப்போக்கு நின்றது. ஆனால் சுலோசனாவின் உதடு சுண்ணாம்பாகிவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி தேடிக்கொண்டிருக்கும்போதே, "யம்மா, குளுருது" என்றாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

நர்ஸம்மா திட்டவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"மத்தவங்களுக்கு இந்தப் போக்கு ஒண்ணுமே இல்லேம்மா. ரெண்டு நாள்ல எழுந்து நடப்பாங்க. இவளுக்குப் போறதுக்கு ரத்தமே லேதே."

உமாபதி வந்து காரியம் முடித்தான். குழந்தைக்குச் சப்பக்கூடத் தெம்பு இல்லை. கூட வந்திருந்த அவன் அக்கா பால்குடிப் பிள்ளைக்காரி, தன் பாலைப் பஞ்சில் நனைத்து நனைத்து அதன் வாயில் விட்டாள். தாட்சாயணி கையை நீட்டியபோது அவன் நடுவில் வந்து நின்றான்.

"வேணாம் அத்தே. இத உங்க கையில குடுக்க மாட்டேன்."

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவன்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

பூவும் பொட்டுமாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். புதுப் புடவையும் மஞ்சளும் பூவும் வைத்து, உயிரோடு இருந்தபோது அவள் ஆசைப்பட்டதையெல்லாம் சமைத்து இலை போடுவார்கள். ஆடி மாதம் படையல் என்று முடிவானது.

"பொண்ணு இன்னா இன்னா கேட்டுச்சு, ஞாபகப்படுத்திச் சொல்லுமே. ஒண்ணு வுடாம வெய்யணும்" என்று உறவுப் பெண்கள் கேட்டார்கள்.

தாட்சாயணிக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. யாரையும் அடுப்படிக்குள் விடாமல் எல்லாவற்றையும் அவளே சமைத்தாள். தலைவாழை இலை போட்டு, சோறு வைத்தாள். பருப்பு, கீரை, அவித்த முட்டை, வடை, பாயசம். மறுபடியும் சோறு. இலை நிரம்பித் தரையில் வழிந்தது. கற்பூரம் ஏற்றக் காத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் சட்டியைக் கீழே வைக்கவில்லை.

"போதும், தாட்சாயணி" என்று தணிகாசலம் அவள் கையைப் பிடித்தான்.

அவள் உதறிவிட்டு இன்னொரு கரண்டி அள்ளினாள்.

"வுடுய்யா. என் பொண்ணு பசியோட கீறா. துன்னட்டும்."