அக்கா எதைப் பார்க்கிறாள்

அந்த ஓவியத்துக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். இந்த அம்மா எதைப் பார்க்கிறார்? சென்னையில் ஒரு கேலரியின் கடைசி அறையில் அது தொங்குகிறது. ஆளுயரக் கேன்வாஸ். வெளுத்த வாயில் புடவை கட்டிய ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முகம் உப்பியிருக்கிறது. உதடுகள் பாதி திறந்திருக்கின்றன. அவளுக்குப் பின்னால் இருட்டில் ஒரு பட்டுத்தறி. அவள் பார்வை கேன்வாஸின் வலது ஓரத்தைத் தாண்டி வெளியே போகிறது. கொஞ்ச நேரம் நின்றால் நாமும் கழுத்தைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்துவிடுவோம். அங்கே சுவரில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறது.

பதில்கள் ஆளுக்கு ஒன்று. ஆரணி நெசவாளப் பெண், அழியப்போகும் தன் தறியைப் பார்க்கிறாள் என்பார்கள். தறி அவளுக்குப் பின்னால் இருக்கிறதே, அதை எப்படி முன்னால் பார்ப்பாள் என்று கேட்கிற ஒரு ஆளை இதுவரை நான் பார்க்கவில்லை. அது என் அக்கா. தறியில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. வீட்டில் பட்டுநூல் சுற்றிக் கொடுப்பாள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் தறியே கிடையாது. அது பக்கத்து ஊர் முள்ளிப்பட்டில் யாரோ ஒருவர் வீட்டில் போட்டோ எடுத்துப் பிறகு சேர்த்துக்கொண்டது. இந்த உளறலுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவனும் நான்தான். கண்காட்சிப் புத்தகத்துக்கு முதல் கட்டுரை எழுதியது நான். 'ஒரு தொழிலின் மரணத்தை முன்பே பார்த்துவிட்ட கண்கள்' என்று கூசாமல் எழுதினேன்.

அக்கா எதைப் பார்க்கிறாள் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். வரைந்தவன் ஒருவன், நான் ஒருவன். மூன்றாவதாக அவள் மகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் இத்தனை வருஷமாக என் பயம். ஓவியங்களைப் பற்றி நான் எழுதுவதை அவள் படிப்பதே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அதை வரைந்தவனும் நானும் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். அவன் தேசூர் பக்கம், கூலி வேலை செய்கிற குடும்பம். முதல் வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் ஓவியன் இல்லை, அவன்தான் ஓவியன் என்று. நான் பத்து கோடு போட்டு அழிக்கிற இடத்தில் அவன் ஒரு கோடு போடுவான், அது அப்படியே நிற்கும். பொறாமையில் வயிறெரிந்தேன். பிறகு அந்த எரிச்சலையே பிழைப்பாக்கிக்கொண்டேன். சிறுபத்திரிகைகளில் ஓவிய ரசனை எழுத ஆரம்பித்தேன். வரைய வராதவனுக்கு அது ஒரு வடிகால்.

அவனுக்கு இரக்கம் கிடையாது. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வான். "மூஞ்சி வரையறவன் பாவ புண்ணியம் பாத்தான்னா கல்யாண போட்டோதான்டா வரும்" என்பான். அவன் அப்பாவின் சாவு வீட்டில் உட்கார்ந்து, ஒப்பாரி வைத்த பெண்களின் வாய்களை மட்டும் நோட்டில் வரைந்துகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அருவருப்பாக இருந்தது. அந்த நோட்டை இரவல் வாங்கி வந்து ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புருஷன் விபத்தில் போனபிறகு அக்கா தன் மகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த மூன்றாம் வருஷம் அவளுக்கு இரண்டு கிட்னியும் போயின. வாரத்துக்கு இரண்டு நாள் வேலூரில் டயாலிசிஸ். உடம்பில் சேர்கிற நீர் வெளியே போக வேறு வழியில்லை என்பதால் குடிக்கிற தண்ணீருக்கு அளவு. நாள் முழுக்க அரை லிட்டர், மாத்திரைக்கும் காபிக்கும் சேர்த்து. காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பி வைப்பேன். எங்கள் ஊர் வெயிலில் அது பதினொரு மணிக்கே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவள் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே இருப்பாள். அவள் கண்ணெதிரில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை என்று வீட்டில் சட்டம். நானும் பத்து வயதுப் பெண்ணும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு திருடர்கள் போலக் குடிப்போம்.

அப்போதுதான் அவன் வந்தான். நெசவாளர் முகங்களாக ஒரு வரிசை செய்யப்போகிறேன் என்று முள்ளிப்பட்டு முழுக்கச் சுற்றிவிட்டு, ஒரு முகமும் பிடிக்காமல், சாப்பிட என் வீட்டுக்கு வந்தான். அக்காவைப் பார்த்தான். சோற்றில் கை வைக்கவில்லை.

"டேய், இந்த மூஞ்ச எங்கடா ஒளிச்சி வெச்சிருந்த?"

மறுநாள் அவளுக்கு டயாலிசிஸ் என்று சொன்னேன். போய்விட்டு வந்தால் வீக்கம் வடிந்துவிடும், ஒரு நாள் படுக்கையை விட்டு எழமாட்டாள் என்றும் சொன்னேன்.

"வீக்கம்தான்டா வேணும். ஒரு நாள் தள்ளிப் போடு."

தள்ளிப் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு போன் செய்து ஊரில் ஒரு சாவு என்று பொய் சொன்னேன். அக்கா மறுக்கவில்லை. "உன் பிரண்டு பெரிய ஆளுன்றியே, ஒரு நாள் கழிச்சி போனா என்னாவப் போவுது" என்றாள். தலை வாரிக்கொள்ளட்டுமா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம். அவன் கரித்துண்டால் வரைந்தான். ஒரு தாள், இரண்டு தாள், ஐந்து தாள். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டான். "உள்ள ஒண்ணுமே இல்லடா, பொணத்த வரையற மாதிரி இருக்குது" என்றான், அவள் காதில் விழவே சொன்னான். அவள் சிரித்தாள். பிறகு அவன் தண்ணீர் கேட்டான். வந்த விருந்தாளியைச் சமையலறைக்குள் போய்க் குடி என்று எப்படிச் சொல்வது? எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து கடகடவென்று குடித்தான்.

அக்காவின் கண் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. அவன் பாதியில் நிறுத்திவிட்டான். தண்ணீர் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் போனது, துடைக்கவில்லை.

"அப்டியே இருங்கக்கா, ஆடாதீங்க" என்றான். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "இத கொண்டு போய் அந்த ஸ்டூல் மேல வை" என்றான்.

"அவங்களுக்கு தண்ணி அளவுடா."

"தெரியுது. அதனாலதான்டா சொல்றேன். பிரிட்ஜ் தண்ணியா ரொப்பிகினு வா."

நான் என்ன சின்னப் பிள்ளையா? முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கை சூடு ஆறிவிடக் கூடாதே என்று ஓடினேன். சில்லென்ற தண்ணீரைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு வந்து, அவளுக்கு ஏழெட்டு அடி தள்ளி, ஜன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி ஸ்டூல் மேல் வைத்தேன். அவன் வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது என் சொந்த யோசனை.

சொம்பின் வெளிப்பக்கம் வியர்த்தது. துளி துளியாகச் சேர்ந்து இறங்கியது. அக்கா பார்த்தாள். அவன் வரைந்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், அவளைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பதற்காக. இடது கண்ணின் கீழ் இமையை ஒரே இழுப்பில் போட்டான், கை எங்கேயும் தயங்கவில்லை. கண்மணியில் எல்லோரும் வைக்கிற வெள்ளைப் புள்ளியை வைக்கவே இல்லை. அதனால் அந்தக் கண்ணில் வெளிச்சம் இல்லை, ஆசை மட்டும் இருந்தது. கன்ன வீக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தே கொண்டுவந்தான். என் ஆயுசில் அப்படி ஒரு வரைதலை நேரில் பார்த்ததில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இடையில் அக்கா ஒரு தரம் பேசினாள். "தம்பி, அத எடுத்துடு."

"அஞ்சே நிமிஷம்க்கா" என்றேன்.

"எடுடா" என்று சொல்ல வந்தவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாய் பாதி திறந்தபடி நின்றது. அவன் அந்த வாயைப் பிடித்துவிட்டான். இன்றைக்கு எல்லோரும் சிலாகிக்கிற வாய் அதுதான். நான் சொன்ன ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

முடிந்ததும் அவனைக் கட்டிக்கொண்டேன். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றான். அவன் பலகையையும் பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். டீக்கடையில் தாளை விரித்து வைத்து இரண்டு பேரும் பேசினோம். அந்தக் கண், அந்த வாய், அந்த இமைக் கோடு. பஸ் போனபிறகும் உடனே வீட்டுக்குத் திரும்ப மனம் இல்லாமல் இன்னொரு டீ குடித்தேன். ஸ்டூல் மேல் இருந்த சொம்பு எனக்கு நினைவுக்கே வரவில்லை. அக்காவும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பெண் பையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கிறாள். அக்கா மூச்சுக்குத் திணறுகிறாள். பாயில் சொம்பு காலியாக உருண்டு கிடக்கிறது. பிடிமானம் இல்லாமல் நாலு அடி நடக்க முடியாதவள் ஸ்டூல் வரை எப்படித் தவழ்ந்து போனாள் என்று ஆச்சரியப்பட்டேன். ஆட்டோவுக்கு போன் செய்தேன். ஆட்டோ வருவதற்குள், அக்கம்பக்கத்தார் வருவதற்குள், சொம்பை எடுத்துக் கழுவித் துடைத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன். அதை முதலில் செய்தேன். பிறகுதான் அக்காவைத் தூக்கி உட்காரவைத்தேன்.

ஏற்கெனவே ஒரு நாள் தள்ளிப்போன உடம்பு. நுரையீரல் முழுக்க நீர் கோத்துவிட்டது என்றார்கள். மறுநாள் மத்தியானம் வேலூரில் இறந்துபோனாள்.

அவனுக்கு போனில் சொன்னேன். "என்ன பஸ் ஏத்த வரும்போது அந்த சொம்ப எடுத்து வெச்சிட்டுதானடா வந்த?" என்று கேட்டான். "வெச்சிட்டேன்" என்றேன். அழுதான். நிஜமான அழுகைதான், நடிக்கத் தெரியாதவன். அழுது முடித்துவிட்டு, "பெருசா பண்ணட்டுமாடா?" என்றான். "பண்ணு" என்றேன்.

ஓவியம் அவனைப் பெரிய ஆளாக்கியது. என் கட்டுரை என்னைக் கொஞ்சம் பெரிய ஆளாக்கியது. அந்தக் கண்காட்சியிலேயே வாங்கியவர் இத்தனை நாள் அதைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். இந்த வருஷம்தான் எல்லோரும் பார்க்க மறுபடி வெளியே வந்தது. அக்கா மகள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். என்னிடம் வளர்ந்தவள். அம்மாவைப் பார்க்க வேண்டும், நீங்களும் கூட வாங்க மாமா என்று பிடிவாதம் பிடித்தாள். சாக்குப்போக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் போனேன்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரையும் போல அவளும் கழுத்தைத் திருப்பி வலது பக்கச் சுவரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா எதப் பாக்கறாங்க மாமா?"

பதில் தயாராக வைத்திருந்தேன். "உன்னத்தான். நீ ஸ்கூல்லேந்து வருவன்னு வாசலயே பாத்துகினு இருந்தாங்க."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.  பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வந்தேன் மாமா. வந்ததும் அந்த சொம்பக் காட்டி, எடுத்து குடுடின்னாங்க. வேணாம்மா, டாக்டர் திட்டுவாருன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாங்க. பெத்த பொண்ண பாத்துக் கும்பிட்டாங்க மாமா. நான்தான் குடுத்தேன். மொத்தமும் குடிக்கற வரைக்கும் நான்தான் சொம்பப் புடிச்சிகினு இருந்தேன்."

கேலரியில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் போகும் வரை காத்திருந்துவிட்டு மேலே சொன்னாள்.

"நீங்க வந்ததும் ஒரு வார்த்தகூட கேக்கல. சொம்ப கழுவி வெச்சீங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எனக்காகத்தான் செஞ்சீங்க. அன்னைலேந்து எனக்குத் தெரியும். ஒரு தபாகூட சொல்லிக் காட்டல நீங்க. வேற யாரா இருந்தாலும் என்ன வீட்டுல வெச்சி வளத்திருக்க மாட்டாங்க."

இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்தச் சொம்பு அந்த அறைக்குள் எப்படி வந்தது, யார் நிரப்பினார்கள், ஜன்னல் வெளிச்சத்தில் யார் வைத்தார்கள். நாலு வாக்கியம்தான். வாயைக்கூடத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது. இந்த உலகத்தில் என்னை இவ்வளவு நல்லவனாக நினைக்கிற ஆள் வேறு யாரும் இல்லை.

"சின்னப் பொண்ணு நீ, உனக்கு என்ன தெரியும்" என்றேன். "நான் உன்ன அன்னைக்கே மன்னிச்சிட்டேம்மா."