அப்பாவை உட்கார வைத்தேன்

இங்கே மலாயாவில், கிள்ளானில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஆதரவற்ற கிழவர்களுக்கென்று ஒரு வார்டு இருக்கிறது. காலையில் ஒரு சீனத்து ஆயா தேத்தண்ணீர் வாளியோடு அதன் வாசலில் நின்றுகொண்டு "ஜாலான்! ஜாலான்!" என்று அதட்டுவாள். நட என்று மலாய் மொழியில் அர்த்தம். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவருக்குத்தான் அவள் தேத்தண்ணீர் ஊற்றுவாள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. "எங்கள் ஊரில் வயதானவர்களை உட்கார வைத்துச் சோறு போடுவோம்" என்று தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நானும் தேத்தண்ணீருக்கு வந்த கிழவன் என்று நினைத்துவிட்டாள் போலும், கையை வட்டமாகச் சுற்றிக் காட்டி "ஜாலான்!" என்றாள். வேறு வழியில்லாமல் நானும் ஒரு சுற்று நடந்தேன்.

அன்று அவளிடம் நான் சொன்னது பொய். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போலக் கடல் தாண்டி வந்து அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கும் அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளியனூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவன். எங்களுக்குக் காணி நிலம் கிடையாது. திண்டிவனத்தில் பாதிரிமார் பள்ளியில் படித்து, விழுப்புரம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா ஆனேன். சாதி கேட்காமல் வீடு வாடகைக்கு விட்ட ஒரு தெருவில் குடியிருந்தேன். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா இறந்த பிறகு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், அப்பாவை அங்கே அழைத்து வந்தேன். அப்போது அவருக்கு எழுபது வயது இருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடிந்த கொல்லையில், மண்ணுக்குள் தப்பிக் கிடக்கும் காய்களைக் கொத்திப் பொறுக்குவது எங்கள் பக்கத்தில் சேரிக் கிழவர்களுக்கும் விதவைகளுக்கும் உள்ள பாத்தியதை. வயசுப் பிள்ளைகள் பசித்தாலும் அதில் இறங்கமாட்டார்கள். வரிசையாகக் குந்தி, ஊர்க்கதை பேசி, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே சாயங்காலம் வரை பொறுக்குவார்கள். விழுப்புரத்துக்கு வந்தும் அப்பா அதை விடவில்லை. களைக்கொத்தையும் சாக்குப்பையையும் எடுத்துக்கொண்டு விடிந்ததும் ஊருக்கு வெளியே நடந்துவிடுவார்.

ஒருநாள் ஷெட்டில் என்னோடு வேலை பார்த்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், உங்க வூட்டுப் பெரியவரு சேரி ஆளுங்ககூட மல்லாட்டை பொறுக்கிக்கினு இருக்காரே?"

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "நாளையிலேர்ந்து எங்கியும் போவாதப்பா. நான் சம்பாதிக்கிறேன் இல்ல? சும்மா உக்காரு."

"உக்காந்துகினு இன்னாடா பண்றது? உன் ஆபீஸ் காயிதம் பறக்காம மேல உக்காரட்டுமா?"

"வெளையாடாத. எனக்கு மானம் போவுது."

அப்பா களைக்கொத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "ஓகோ. என் காலு நடந்தா உன் மானம் போவுதா? செரிடா துரை. இனிமே நடக்கல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் நெல்லுச்சோறு போட்டேன், புது வேட்டி வாங்கிக் கொடுத்தேன், வைத்தியரிடம் காட்டினேன். தெருக்காரர்களோடு பேசவேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன், பேச்சு எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து. இரண்டு மழைக்காலம் போவதற்குள் அவருடைய தொடைச் சதை கரைந்துவிட்டது. கிளியனூரிலிருந்து நடந்தே வந்த மனிதர், கொல்லைப்புறம் போக என் தோளைப் பிடித்தார். நோய் ஒன்றும் இல்லை என்றார் வைத்தியர். அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு கூடுதல் சம்பளத்துக்கு மலாயாவில் ஆஸ்பத்திரிக் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை கிடைத்ததும், அப்பாவை ஊரில் சித்தப்பா மகன் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன்.

அவர் இறந்த செய்தியைத் திண்டிவனத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவன்தான் சொன்னான். "கடைசில, மல்லாட்டைக் கொல்லைக்குத் தூக்கிக்கினு போவச் சொன்னாருங்க. கூடப் பொறுக்கினவங்கதான் தூக்கிக்கினு போய் நடுவுல வெச்சாங்க. எழுந்திருக்க முடியல. கையி மட்டும் மண்ணைக் கிளறிக்கினே இருந்துச்சி."

இங்கே நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. "என் தகப்பனார் ராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுப் போய்ச் சேர்ந்தார்" என்றுதான் சொல்லி வந்தேன். ஜப்பான்காரன் காலம் முடிந்து, இங்கே வந்து கட்டிக்கொண்ட மனைவியையும் இழந்து, ஓய்வும் பெற்ற பிறகு, தமிழ்க் கிழவர்களின் பேச்சை மொழிபெயர்க்க ஆஸ்பத்திரியின் அந்தக் கிழவர் வார்டுக்கு என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அங்கிருந்த இளம் சீன டாக்டரிடமும் அதையே பலமுறை பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெருமை அய்யாக்கண்ணுவின் தலையில் விடிந்தது. அந்த வார்டில் இருந்த அவர் விழுப்புரத்துக்குப் பக்கத்துக் காணை ஊர்க்காரர். இளவட்டத்தில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை. பால் வெட்டக் கண் தெரியவில்லை என்றதும் தோட்டத்து லயத்தில் தங்கியிருந்த அறையும் போயிற்று. வேலை செய்ய முடியாத, ஆனால் நோயில்லாத கிழவர்களை இலவசமாக ஊருக்குக் கப்பலேற்றிவிடுவது இங்கே வழக்கம். அடுத்த கப்பல் அவருக்கு என்று டாக்டர் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன்.

"காணையில எனக்கு யாரு இருக்கா கிராணியாரே?" என்றார் அய்யாக்கண்ணு. "என் பொண்டாட்டி இங்க மண்ணுல கெடக்கிறா. உங்களுக்குந்தான் மண்டை நரைச்சிட்டுது, உங்களையும் ஏத்திட்டா ஜல்தியா ரெண்டு பேருமா போய்ச் சேரலாம்." சிரித்துக்கொண்டே கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கெட்டவர் அல்ல. "ஏன் பயப்படுகிறார்? உங்கள் ஊரில் யாரும் முதியவர்களைக் கைவிடமாட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றார்.

"நான் பொய் சொன்னேன், டாக்டர். என் தகப்பனாரை நான்தான் கெடுத்தேன்."

அவருக்குப் புரியவில்லை. "நீங்களும் ஊருக்குப் போக வேண்டுமா? கப்பலில் இடம் கேட்கிறீர்களா?"

இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். விழுப்புரத்துத் தெரு, மல்லாட்டைக் கொல்லை, என் சாதி, என் வெட்கம் எல்லாவற்றையும் என்னால் முடிந்த இங்கிலீஷில் சொன்னேன். காணையில் இறங்கும் நிலமில்லாத கிழவர் யார் வாசலில் போய் நிற்பார் என்றும் கேட்டேன். டாக்டர் அய்யாக்கண்ணுவின் காகிதங்களை எடுத்துப் புரட்டினார். பிறகு, "யாராவது பொறுப்பேற்றால் அவரை இங்கேயே வைத்துக்கொள்ளலாம்" என்றார். நான் ஏற்றேன். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அய்யாக்கண்ணு நன்றி சொல்லவில்லை. சந்தேகமாகப் பார்த்தார். "வேலை குடுப்பீங்களா? குந்தவெச்சி சோறு போட்டா ஒரு நாளைக்கி மேல இருக்க மாட்டேன்."

"தோட்டம் இருக்குது. ஆடு ரெண்டு இருக்குது."

"ஆடு யாரு மேய்க்கிறது?"

"நான்தான்."

"அப்போ ஆடு எளைச்சித்தான் கெடக்கும்!"

இன்று ஆடுகள் அவர் பொறுப்பு. காலையில் இருவரும் ஆற்றங்கரை வரை நடக்கிறோம். கண் மங்கலானதால் அவர் என் தோளைத் தொட்டுக்கொண்டு வருகிறார், ஆனால் வேகம் அவருடையதுதான். எதை நடலாம், எந்தக் குட்டியை விற்கலாம் என்று அவரைக் கேட்டுத்தான் செய்கிறேன். கேட்காமல் செய்தால் சண்டை பிடிக்கிறார். அந்த வார்டில் எங்கள் பக்கத்துக் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டைத் தேடப் போகிறேன். கதவைச் சாத்துகிறவர்களிடம் மறுநாளும் போவேன். ஊரிலிருப்பவர்களே, இந்தக் கப்பல்களில் வருகிறவர்கள் விழுப்புரம் ஜங்ஷனில்தான் வண்டி மாறுவார்கள். தங்கம் கொண்டுவந்தாயா என்று கேட்காதீர்கள். என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள், செய்ய முடிந்ததைச் செய்யவிடுங்கள், கூட உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் இருக்கும் கிழவரையும் அப்படியே.

அய்யாக்கண்ணுவை ஏற்றவிருந்த கப்பல் புறப்பட்ட அன்று அவர் துறைமுகத்துக்குப் போகவேண்டும் என்றார். வார்டில் அவரோடு படுத்திருந்த சிலர் அதில் போகிறார்கள். போனோம். சங்கு ஊதி, கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. மேல்தளத்தில் கிழவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெருக்கமாக நின்றார்கள். "எல்லாரும் ஊரைப் பாத்துக்கினு நிக்கிறாங்களா?" என்று அய்யாக்கண்ணு கேட்டார். இல்லை, ஊருக்குப் போகிற அத்தனை பேரும் எங்கள் கரையையே பார்த்து நின்றார்கள். அவரிடம் சொன்னேன். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து, கப்பலைத் தாண்டி, மேற்கே, ஊர் இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றார். நானும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.