டெட்ராய்ட் பாட்டும் பாலத்தில் நின்ற வேனும்

இந்த டெட்ராய்ட் நகரத்தில் கல்யாணத்திலும் சாவிலும் ஒரே பாட்டைப் போடுகிறார்கள். வந்து பதினொரு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. நான் வேலை பார்க்கும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ரேடியோ ஓயவே ஓயாது. இந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும் 'சோல்' என்ற கறுப்பின மக்கள் இசையைப் பாடும் ஒரு பாடகியின் பாட்டுகள் தினமும் வந்துவிடும். அதில் ஒன்று, விட்டுப்போனவனைத் திரும்பி வரச்சொல்லிக் கெஞ்சும் பாட்டு. முடிவில் வார்த்தைகள் தீர்ந்துபோய், வெறும் குரலாகவே கதறுவாள். பக்கத்து மெஷினில் நிற்கும் டெனிஸ் இடுப்பை ஆட்டிக்கொண்டு கூடவே பாடுவாள். என் கை மட்டும் போனைத் தேடும். அப்பா நன்றாக இருக்கிறாரா என்று தெரியாமல் எனக்கு அடுத்த வேலை ஓடாது. "இந்தப் பாட்டு உனக்குப் பிடிக்காதா?" என்று ஒருநாள் கேட்டாள். "ரொம்பப் பிடிக்கும். பயமாகவும் இருக்கும்" என்றேன். காதலில் அடிபட்டவன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

பயத்துக்குக் காரணம் என் தங்கை கவிதாவின் கல்யாணம். மூன்று வருடம் முன்பு, கீழ்வேளூர் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல். அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்கூட முடியவில்லை. அவர் கண்ணால் பார்த்துவிடட்டும் என்று அவசரமாகக் குறித்த தேதி, ஊருக்கே தெரியும். காலையில் நாதஸ்வரம் முடிந்ததும் மைக்செட்காரர், "வேற எதாச்சும் இருக்காண்ணே?" என்றார். அமெரிக்காவிலிருந்து வந்தவன் சும்மா இருப்பேனா? பென்டிரைவை நீட்டினேன். தென்னைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து, அதே பாட்டில் அந்தப் பாடகியின் குரல் நடவு முடிந்த வயல்களைத் தாண்டிப் போனபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் குழாயில் வரும் பாட்டை வைத்துத்தான் அந்த வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிந்துகொள்வார்கள். ஒரு பெண் குரல் தனியாகக் கதறினால், எந்தப் பாஷையானாலும் சரி, அங்கே யாரோ போய்விட்டார்கள். இதிலேயே வளர்ந்தவன் நான், அன்று மறந்தேபோனேன். பத்தே நிமிடத்தில் மேலத்தெருப் பெரியப்பா மாலையோடு வந்தார். பின்னாலேயே நாலைந்து பெண்கள் அழுதுகொண்டு ஓடிவந்தார்கள். நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்ததும் பெரியப்பா மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்திருக்கும், போன் மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால். கும்பகோணத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் ஆற்றுப் பாலத்திலேயே நின்றுவிட்டது. "சாவை மறைச்சுத் தாலி கட்டச் சொல்றீங்களா? நாங்க திரும்பிக்கிறோம்ங்க" என்றார் மாப்பிள்ளையின் மாமா. அது அமெரிக்கப் பாட்டு என்று கெஞ்சினேன். "அழுகைச் சத்தம் எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. கவிதா பட்டுப்புடவையோடு வந்து நின்றாள். "அண்ணே, என்னண்ணே பண்ணி வச்சிருக்க?"

அப்பா எழுந்தார். "வண்டிய எடுடா. என்னைப் பார்த்தா நம்புவாங்கல்ல."

டாக்டர் பைக்கே கூடாது என்றிருந்தார். கார் உறவினர்களை அழைத்துவர ரயிலடிக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் பைக்கில் அப்பாவை ஏற்றிக்கொண்டேன். சாலையெல்லாம் பள்ளம். அவர் மூச்சு என் முதுகில் படுகிறதா என்பதை மட்டுமே கவனித்து ஓட்டினேன். பாலத்தில் இறங்கி, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, தழும்பு தெரியச் சட்டையை விலக்கி நின்றார்.

"நான்தாங்க பொணம். வாங்க, இட்லி ஆறுது."

மாமா முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். முகூர்த்தம் தவறாமல் தாலி ஏறியது.

போன மாதம் டெனிஸ் மகளின் கல்யாணம். பகல் விருந்தில் அதே பாட்டைப் போட்டார்கள். மொத்தக் கூடமும் ஆட எழுந்தது. நான் கதவருகே ஒதுங்கி வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். நாலாவது மணி அடித்த பிறகுதான் அப்பா எடுத்தார்.

"என்னடா சத்தம்? யாரு தவறிட்டா?"

"கல்யாணம்ப்பா. எல்லாரும் ஆடுறாங்க."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் நல்லாருக்கேன்ல. நீயும் போய் ஆடு."

உள்ளிருந்து டெனிஸ் கையாட்டிக் கூப்பிட்டாள். கதவை ஒரு கையால் திறந்து பிடித்தபடி, மறுகையில் போனோடு, வாசற்படியிலேயே நின்றேன். அந்தப் பாடகி கதறி முடிக்கும்வரை நான் உள்ளே போகவில்லை, அப்பாவும் போனை வைக்கவில்லை.