நான் விட்டுக்கொடுத்த வேலை

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு சலூனுக்கு முடி வெட்டப் போயிருந்தேன். முடிந்ததும் அங்கிருந்த பிள்ளை சூடான ஈரத் துவாய் ஒன்றைச் சுருட்டிக் கையில் தந்தாள். எலுமிச்சை மணம். முகத்தில் வைத்ததும் எனக்குப் பசித்தது. சிரிக்காதீர்கள். என் மூக்கில் அந்த மணத்துக்கும் பொரித்த இறாலுக்கும் கல்யாணம் நடந்து வெகுகாலம். பம்பலப்பிட்டியில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் இதே மாதிரித் துவாய் தருவார்கள். அங்கே நான் முதன்முதலாகப் போனது கல்யாணம் முடித்த இரண்டாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் கிழமை முழுக்க நான் ஒரு மகாராணி.

அப்போது எனக்கும் இவருக்கும் ஒரே கந்தோரில் வேலை. இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சி. கப்பலில் வரும் சரக்குகளுக்கான பத்திரங்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. என் மேசை ஜன்னலோரம். நிமிர்ந்தால் துறைமுகமும் பாரந்தூக்கிகளும் தெரியும். நான் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கித்தான் அப்பா எங்களை வளர்த்தார். அம்மா ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், கண்டவர்களிடமெல்லாம் மகள் கப்பல் கந்தோரில் இருக்கிறாள் என்று சொல்லுவா. கொஞ்ச நாளில் நான் கப்பலே ஓட்டுகிறேன் என்று எங்கள் ஒழுங்கையில் இரண்டொருவர் நம்பத் தொடங்கிவிட்டார்கள். நானும் பெரிதாக மறுக்கவில்லை.

அதற்கு முதல்நாள் திங்கட்கிழமைதான் இவரை எங்கள் பகுதிக்கு மேலாளர் ஆக்கினார்கள். கந்தோரில் எல்லோருக்கும் கேக் வெட்டினோம். சந்தோஷத்துக்கு நடுவே ஒரு கலக்கமும் இருந்தது. ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்ற கதை கொஞ்ச நாளாகவே அடிபட்டுக்கொண்டிருந்தது. பத்திர வேலையில் நானும் நில்மினியும் மட்டும். இரண்டு பேரில் ஒருவர் போக வேண்டும். நான் வேலைக்கு மூத்தவள், கைவேகமும் எனக்குத்தான் கூட. அதனால் எனக்காக நான் பயப்படவேயில்லை. நில்மினி புருஷனை இழந்தவள். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவாள், சிங்களத்தில் தங்கச்சி. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய், அவளுடைய வேலை போகக்கூடாது என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். அந்தோனியார் கேட்டதைக் கொடுக்கிறவர். எந்த வழியில் கொடுப்பார் என்பதை நான் விசாரித்திருக்க வேண்டும்.

கோயிலை விட்டு வெளியே வந்தால், இவர் வாசலில் நிற்கிறார். வாரும், வெளியில சாப்பிடுவம் என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. கடையில் மெனுவை என் கையில் தந்து, விரும்பினதைச் சொல்லும் என்றார். வீட்டில் என்ன கறி என்பதைக்கூடத் தானே தீர்மானிக்கிற மனுஷன். நான் இறாலும் நண்டும் சொன்னேன். நண்டை உடைக்கத் தெரியாமல் சேலையில் தெறிக்கவிட்டேன். வேறு நாளென்றால் முகம் கறுத்திருக்கும். அன்று அந்தத் துவாயால் தானே துடைத்துவிட்டார்.

வியாழக்கிழமை கச்சேரி. சென்னையிலிருந்து வந்த வித்துவான், முன் வரிசை இருக்கை. எனக்குக் கர்நாடக சங்கீதம் ஒன்றும் தெரியாது. கோயில் பாடற்குழுவில் பின் வரிசையில் நின்று வாயசைத்ததோடு என் சங்கீதம் முடிந்துவிட்டது. அதைச் சொல்லி இவர் நாலு பேருக்கு முன் சிரிப்பது வழக்கம். அன்று நான் தாளத்தைப் பிழையாகப் போட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் எங்கள் கந்தோர்ப் பெரியவர் மனைவியோடு வந்தார். கைகூப்பினார், எனக்கு. அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு மனசு எத்தனை பேருக்கு வரும் என்றா. இவருக்குக் கிடைத்த பதவிக்காகச் சொல்கிறாவாக்கும் என்று நினைத்து, எல்லாம் இவருடைய கெட்டித்தனம்தான் என்றேன். அவ இன்னும் உருகிப்போனா. மறுநாள் அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து, எனக்கு இப்போதுதான் கல்யாணம் நடந்திருக்கிறது என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாடகம். கொழும்பு ஏழில், ஆங்கிலத்தில் ஒரு பகிடி நாடகம். எனக்குப் பாதிதான் விளங்கியது. மற்றவர்கள் சிரிக்கும்போது அரைக் கணம் பிந்தி நானும் சிரித்தேன். இடைவேளையில் இவர் சாப்பிடப் பற்றிஸ் வாங்க வரிசையில் நின்றார். நில்மினி மகளோடு வந்திருந்தாள். நாடகத்துக்கான ரிக்கற் இவர் கொடுத்ததாம். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அழுகிறாள்.

"அனே நங்கி, எனக்காக நீ வேலைய விட்டுக்குடுக்கிறது சேர் சொன்னார். சாகும்வரை மறக்க மாட்டேன்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவளுடைய தமிழ் பிழையாகிவிட்டது என்று நினைத்தேன். அவள் சிங்களத்திலும் சொன்னாள். திங்கட்கிழமையே இவர் பெரியவரிடம் போய், என் மனைவி நில்மினிக்காகத் தானே விலகிக்கொள்கிறேன் என்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். கந்தோர் முழுக்கத் தெரியும். எனக்குச் சங்கடமாக இருக்கும், யாரும் இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாராம். நில்மினியால் அடக்க முடியவில்லை. மகளை இழுத்து, ஆன்ரியைக் கும்பிடு என்றாள். அந்தப் பிள்ளை என் காலில் விழுந்து வணங்கியது. நான் என்ன செய்ய? தலையில் கை வைத்தேன்.

மணி அடித்தது. உள்ளே போய் உட்கார்ந்து மிச்ச நாடகத்தையும் பார்த்தேன். பக்கத்தில் இவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீடு திரும்பும்போது ஓட்டோவில் கேட்டேன்.

"நான் எப்ப உங்களிட்ட வேலைய விடுறன் எண்டு சொன்னனான்?"

அவர் தெருவைப் பார்த்தார். "முதல் நாளே ஒரு பேர் தாரும் எண்டு கேட்டவை. நில்மினியின்ர பேரைக் குடுத்தா, பெண்சாதியைக் காப்பாத்தினான் எண்டு கதைப்பினம்."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீர் மாட்டன் எண்டிருப்பீர்."

கொஞ்சத் தூரம் போனதும், நாடகம் பிடித்ததா என்று கேட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை பெரியவர் கூப்பிட்டார். நான் உள்ளே போனதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். இப்படி ஒரு தம்பதியை இந்தக் கந்தோர் கண்டதில்லை என்றார். நான் அப்படிச் சொல்லவேயில்லை சேர் என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் இவர் பொய்யர், நில்மினி தெருவில். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் பூங்கொத்தோடு நின்றாள். தாங்க் யூ சேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னேரம் எனக்கும் கேக் வெட்டினார்கள். ஜன்னலோர மேசையில் நில்மினியை நானே உட்காரவைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

சொந்த மனைவியின் வேலையையே விட்டுக்கொடுத்த நேர்மையானவன் என்று இவருடைய பெயர் ஏறியது, பதவியும் ஏறியது. நான் வீட்டிலிருந்த மாதங்களில், நீர் சும்மாதானே இருக்கிறீர் என்று சேர்ட்டுகளை நீட்டுவார். பிறகு ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் வேலை எடுத்தேன். ஜன்னல் இல்லாத தகரக் கொட்டில். லொறிகளுக்கு வாசல் அனுமதி எழுத வேண்டும். பின்னேரம் மூக்குச் சிந்தினால் கறுப்பாக வரும். கப்பல் ஓட்டின மகள் இப்போது லொறி ஓட்டுகிறாள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. பூசை முடிந்து யாரிடமும் நின்று கதைப்பதையும் விட்டுவிட்டா. இவர் அதற்குப் பிறகு என்னைக் கச்சேரிக்கோ நாடகத்துக்கோ கூட்டிப்போகவில்லை. காரியம் முடிந்துவிட்டதல்லவா.

இப்போது அந்தச் சீனக் கடையின் இடத்தில் தொடர்மாடி நிற்கிறது. கப்பல் ஏஜென்சி கைமாறிக் கைமாறிப் பெயரே இல்லாமல் போய்விட்டது. பெரியவர் காலமாகிவிட்டார். நில்மினி மகளோடு இத்தாலிக்குப் போனாள். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அங்கிருந்து அழைத்து எனக்கு நன்றி சொல்லுவாள். இரண்டு வருஷத்துக்கு முன் அழைப்பு வரவில்லை. மகள்தான் பிறகு செய்தி அனுப்பினாள். கடைசி வரை அவளுக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் நான் மெய்யாகவே அவளுக்கு விட்டுக்கொடுத்தது.

அண்மையில் புதிதாகக் கல்யாணம் முடித்த உறவுக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் கிருலப்பனையில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். இவர் வழக்கம்போல் அந்தக் கதையை எடுத்தார். எத்தனையோ விருந்துகளில் சொல்லிய கதை. முன்பெல்லாம், "இவ தானாவே வந்து சொன்னவ" என்ற இடத்துக்கு வந்ததும் தண்ணீர்க் கிளாஸை எடுப்பார். என் பக்கம் பார்க்க மாட்டார். ஒரு மிடறு குடித்த பிறகுதான் கதை நகரும். ஒவ்வொரு தடவையும் நான் அந்த ஒரு மிடறுக்காகக் காத்திருப்பேன். இந்தத் தடவையும் காத்திருந்தேன். அவர் என்னை நேராகப் பார்த்து, கண் கலங்க, கிளாஸைத் தொடாமல் சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "உண்மையா ஆன்ரி?"

ஓம் என்றேன்.