எங்க போகப் போற?

மகளின் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியை சிரித்துக்கொண்டே, "ப்ளஸ் டூ முடிச்சதும் எங்க போகப் போற?" என்று அவளைக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், இத்தனை புத்தகம் படித்தும், ஒன்றுமே படிக்காதவனைப் போல அவள் கையைப் பற்றினேன்.

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில், கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் கடல் காதில் வாங்கிக்கொள்ளும். யாராவது கேட்டுத் தொலைத்தால், கிளம்பியவர் வீட்டுக்குள் திரும்பி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும்; வீட்டு ஆள் கடலில் இருந்தால், அவர் கரையேறிய பிறகுதான்.

நான் ப்ளஸ் டூ படித்தபோது சென்னையிலிருந்து வந்த கவுன்சலர் மிஸ்ஸுக்கு இது தெரியாது. என் வகுப்புச் செல்விக்கு நர்சிங் படிப்பு நேர்காணலை ஏற்பாடு செய்தவர் அவர்தான். நேர்காணல் அன்று காலை கூட்டிப்போகவும் அவரே வந்தார். தெருவில் கருவாட்டு வாடை அசையாமல் நின்றது. வாசல் தாண்டிய செல்வியை, பதில் சொல்லப் பழக்குவதாக நினைத்து உரக்கக் கேட்டார்: "சொல்லு செல்வி, எங்க போற?"

வலை பின்னிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுபோயின.

"இன்னா மிஸ்ஸு, வாய வச்சிட்டியே!" செல்வியின் அம்மா ஓடிவந்தாள். "உள்ள வாடி. உன் நைனா கடல்ல கீறாரு. அவரு கரையேறட்டும், அப்பால போ."

"பஸ் பூடும்மா."

"போவட்டும். உக்காரு."

நைனா சாயங்காலம் கூடை நிறைய மீனோடு வந்தார். கெட்டது எதுவும் நடக்கவில்லை என்று ஊரே நிம்மதியடைந்தது. செல்வி அதற்கப்புறம் எங்கும் போகவில்லை.

"பெங்களூரு, மிஸ்," என்று பதில் சொல்லிவிட்டு என் மகள் பையோடு எழுந்தாள்.

"கொஞ்சம் உக்காரும்மா," என்றது என் குரல். "தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."