முதலில் நானே சொல்லிவிடுவேன்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. முந்தைய ஷிப்டில் ரிஜெக்ட் ஆன வார்ப்புகளைக் காலையில் ஒரு மேஜைமேல் வைப்பார்கள். அதை வார்த்தவன் பக்கத்தில் நின்று, நான் கேட்பதற்கு முன்பே தன் தவறைத் தானே உரக்கச் சொல்ல வேண்டும். எவ்வளவு கேவலமாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறானோ, அவ்வளவு திட்டு குறையும். "அச்சு மண்ல ஈரம் பாக்கல சார், எனக்குப் புத்தி கிடையாது, நான் ஒரு தண்டம் சார்" என்பார்கள். நான் தலையசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போவேன். இதைத் தொடங்கிவைத்தவன் நான்தான். அப்போது அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

வீட்டிலும் அதையே செய்தேன், என்னிடம் மட்டும். கரண்ட் பில் கட்ட மறந்தால், சாவியை ஆலையிலேயே விட்டு வந்தால், "முட்டாள், உனக்கெல்லாம் இன்ஜினியர் பட்டம் எதுக்கு?" என்று கூடத்தில் நின்று என்னை நானே திட்டிக்கொள்வேன். "யாரு வந்துக்கிறாங்க, யாரத் திட்டினு இருக்கீங்க?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேலி செய்வாள். மகளை ஒரு சொல்கூடத் திட்டியதில்லை. அதில் எனக்குப் பெருமை. உறவினர்களிடம் அதைச் சொல்லிக் காட்டியும் இருக்கிறேன்.

மகளுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. மணவாழ்க்கை முறிந்து, பொன்னேரியில் எங்களோடு வந்து தங்கிவிட்டாள். வெளியே போவதே அபூர்வம். என் கீழ் வேலை பார்த்த ஒருவர் இப்போது வேறோர் ஆலையில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். சோதனைக்கூடத்தில் ஆள் தேவைப்படுகிறது, பாப்பாவை அனுப்புங்கள் என்றார். டிப்ளமோ படித்தவள். இந்த வேலை கிடைத்தால் பழையபடி நடமாடத் தொடங்கிவிடுவாள் என்று நானும் மனைவியும் நம்பினோம்.

காலை ரயிலில் போனவள் மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் அறைக்குள் போய்விட்டாள். மாலையில் அவரே போன் செய்தார்.

"இன்னா சார், பாப்பா இப்டி பண்ணிடுச்சு? ஒரு பீஸ் குடுத்து அளக்கச் சொன்னோம். ரீடிங் கொஞ்சம் தப்பு. வந்த அத்தினி பேரும் தப்பாத்தான் சொன்னாங்க. நாங்க வாயத் தொறக்கறதுக்குள்ள, 'நான் எதுக்கும் லாயக்கில்ல சார், உங்க டைம வேஸ்ட் பண்ணிட்டேன்'னு எழுந்து போயிடுச்சு."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் காலத்துல மேஜைகிட்ட நாங்க நிப்போமே, அதே மாதிரி இருந்துச்சு சார்."

குத்திக் காட்டினாரா, வெறுமனே சொன்னாரா, தெரியவில்லை. வியாழக்கிழமை மறுபடி வரச்சொல்லுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை திரும்பக் கூப்புட்றாங்கம்மா. உன்னை நீயே அப்டி சொல்லிக்கக் கூடாது."

"நீங்க சொல்லிக்கலாமா நைனா?"

அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"சின்ன வயசுல உங்களையே பாத்துக்கினு இருப்பேன். இவ்ளோ படிச்ச நைனாவே முட்டாள்னா, அப்போ நான் இன்னான்னு நெனப்பேன்."

கோபமில்லாமல் சொன்னாள். துணி மடிக்கும் கை நிற்கவில்லை.

உள்ளதைச் சொன்னேன். அது நேர்மை இல்லை, பயம். அடுத்தவன் அடிப்பதற்குள் நானே அடித்துக்கொண்டால் வலி குறையும் என்ற பயம். அதை ஆலை முழுக்கப் பழக்கினேன், உனக்கும் பழக்கிவிட்டேன் என்றேன்.

"ரிட்டயர் ஆயி இத்தினி வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுதா?" என்றாள்.

வியாழக்கிழமை அவள் போகவில்லை. வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு நான் மாறப் பார்த்தேன். மாத்திரை கைதவறி விழுந்தால், "போவட்டும், கை நடுங்குது, எடுத்துக்கலாம்" என்று எனக்கு நானே சொல்லப் பழகினேன். பழைய சொல்தான் முதலில் நாக்கில் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு இதைச் சொல்ல வேண்டும். அவள் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்து மறந்துவிட்டேன். பொங்கி வழிந்தது. "பரவால்ல, தொடச்சா போச்சு" என்றேன், கூடத்தைப் பார்த்து.

"யாருக்குக் கேக்கணும்னு இவ்ளோ சத்தமா சொல்றீங்க?" என்றாள் மகள்.

"எனக்குத்தான்."

"பொய்."

பொய்தான். என்னிடம் நான் கனிவாக இருப்பதைக்கூட அவளுக்குக் காட்டுவதற்காகவே செய்துகொண்டிருந்தேன். உள்ளே பழைய குரல் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டே வளர்ந்தவள், எப்படித் தெரியாமல் போகும்?

இப்போது அவள் மாடியில் துணி உலர்த்தும் நேரத்தில்தான் 'பரவால்ல' என்று சொல்லிப் பார்க்கிறேன், மெதுவாக. யாரும் கேட்காதபோது அந்தச் சொற்களைச் சொல்ல எனக்கு இன்னும் அதிகமாகக் கூசுகிறது.